வைஃபைக்குப் பெயர் சூட்டும் முறை

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் தம்பி வேலையெல்லாம் முடித்துக் கிளம்பும்போதுதான் கேட்பார்: "அண்ணாச்சி, வைஃபைக்கு என்ன பேர் போட?" அந்த நேரத்தில் திருதிருவென விழிக்கக் கூடாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்காக முறை இதோ.

இனிஷியலோடு முழுப் பெயர், தெரு, கதவு எண், முடிந்தால் தொழில் என எதையும் விடாதீர்கள். ரவுட்டர் இந்தப் பெயரை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை காற்றில் அறிவிக்கும். பாஸ்வேர்டு உள்ளே நுழைபவருக்குத்தான். பெயரைப் படிக்க யாருக்கும் தடையில்லை. வாசலில் கட்டிய ராஜபாளையம் நாயாவது புது ஆளைக் கண்டால்தான் குரைக்கும். இது ஆளில்லாத தெருவைப் பார்த்தும் குரைக்கும், அதுவும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி.

ஊர்ப்பெயரைத் தமிழிலேயே வைக்க ஆசையா? அங்கேதான் வம்பு. பெயருக்கு மொத்தம் 32 பைட் இடம். ஒருங்குறியில் தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'ராஜபாளையம்' 30 பைட்டில் அடங்கிவிடும். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' 54! 192 அடி ராஜகோபுரம் உள்ள ஊருக்கு ரவுட்டரில் இடமில்லை. மனம் தளர வேண்டாம், 'பால்கோவா' இருக்கிறது. 24 பைட்தான், 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

"பேரை மறைத்துவிட்டால் என்ன?" என்று ஒரு மருமகன் கேட்பார். தாராளமாக மறைக்கலாம். ரவுட்டர் வாயை மூடிக்கொள்ளும். அந்த வேலையை உங்கள் போன் எடுத்துக்கொள்ளும். மறைத்த வலை பக்கத்தில் இருக்கிறதா என்று தெரியாததால், மதுரை பஸ்ஸில் போகும்போதும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும்.

பாஸ்வேர்டே வேண்டாம் என்னும் தாராள மனதுக்காரர்களுக்கு நவி மும்பைக் கதை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சலைத் தேடிய போலீஸ், அங்கே குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. யாரோ அவருடைய வைஃபையில் புகுந்து அனுப்பியிருந்தார்கள்.

பெயர் சின்ன விஷயம். அதன் பின்னால் 12 இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை பெயர் மாற்றினாலும் அது மாறாது. தெருவில் போகிற வருகிற போன்கள் அந்த எண்ணையும் தாம் நிற்கும் இடத்தையும் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் சொல்கின்றன. ஜி.பி.எஸ். எட்டாத இடத்திலும் வரைபடத்தில் நீலப் புள்ளி சரியாக விழுவது இதனால்தான். ஆப்பிளிடம் ஓர் எண்ணைக் கேட்டால் அக்கம்பக்கத்து எண்கள் 400 வரை இடத்தோடு கிடைத்ததை மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் காட்டினார்கள். இப்படியே ஓராண்டில் 200 கோடிக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ராஜபாளையத்தில் கடன் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோகிறவர்கள், ரவுட்டரை மறக்காமல் கையோடு எடுத்துப்போக வேண்டும். போன்களோ விவரமானவை. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 வந்ததிலிருந்து வலைக்கு வலை வெவ்வேறு பொய் எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்கின்றன.

இந்தப் புகழெல்லாம் வேண்டாம் என்னும் கூச்ச சுபாவிகளுக்கு ஒரு வழி உண்டு. பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு, அதையொட்டி ஆங்கிலத்தில் 'நோமேப்' என்று சேர்த்துவிடுங்கள். கூகுள் 2011 முதலே இந்த வேண்டுகோளை ஏற்கிறது. ஆப்பிள் 2024-இல்தான் வழிக்கு வந்தது. இதற்கு 6 பைட் கூடுதல். 'ராஜபாளையம்' 36 ஆகி வெளியே நிற்கும். 'பால்கோவா' 30-இல் சௌகரியமாக உட்காரும். ராஜபாளையத்துக்காரர்கள் தம் வீட்டு வைஃபைக்குப் பால்கோவா என்று பெயர் வைக்கச் சம்மதிப்பார்களா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.