கேளுங்கள், சொல்கிறேன்: ஆவடி டேங்கும் ஔவையின் தூதும்

பட்டாபிராம் வாசகர்: எங்கள் பக்கத்து ஃபேக்டரியில் டேங்க் செய்கிறார்கள். ராணுவத்தில் அதை ஓட்ட ஒரு பெண்ணை விடுவார்களா?

1965-ல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது ஆவடியில். பிறகு அர்ஜுனும் அங்கேதான். ஆனால் காலாட்படையும் கவசப்படையும் பெண்களுக்கு இன்னும் கதவைத் திறக்கவில்லை. பீரங்கிப் படை 2023 ஏப்ரலில் திறந்தது. அதில் சேர்ந்த முதல் ஐந்து பெண் அதிகாரிகளும் நம்ம பரங்கிமலை அகாதமியில் பயிற்சி முடித்தவர்கள். பரங்கிமலையிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்துவிடலாம். இவர்களை மட்டும் டெல்லி சுற்றி வரச் சொல்கிறார்கள்!

அம்பத்தூர் எஸ்டேட் வாசகி: "பொம்பளை ஆபீசர் சொன்னா எந்த ஜவான் கேப்பான்?" என்கிறார் எங்கள் மேனேஜர்.

மேனேஜருக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசே அப்படித்தான் எழுதிக் கொடுத்தது: கிராமத்து ஜவான்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலைக்கு வரவில்லையாம். 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரச் சொன்னது. கட்டளையைக் கேட்காத ஜவானுக்கல்லவா பயிற்சி போதவில்லை?

பூந்தமல்லி வாசகர்: புறநானூற்றுத் தாய் ஒரே மகனையும் போருக்கு அனுப்பினாள். இன்றைய பெண்களிடம் அந்த வீரம் எங்கே?

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தத் தாயைத்தான் ஒவ்வொரு பட்டிமன்றத்திலும் கூப்பிட்டுக் கைதட்டல் வாங்குகிறோம். வீட்டு ஆண்களை ஏற்கெனவே போருக்குக் கொடுத்தவள் அவள். அதே நூலில் ஔவையும் இருக்கிறாரே, அவரை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அவன் மினுமினுக்கும் ஆயுதங்களைக் காட்டிப் பெருமையடிக்க, அதியமானின் ஆயுதங்கள் சண்டை போட்டு உடைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொல்லி அவன் வாயை அடைத்தவர். தொண்டை நாடு என்றால் நம்ம பூந்தமல்லியும் சேர்த்தித்தான். சமாதானப் பேச்சில் பெண்களும் இருக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325-ம் தீர்மானம் போட்டது 2000 அக்டோபரில். ஔவை வந்து போய் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் கழித்து!

கொரட்டூர் வாசகர்: முதல் உலகப் போரில் குண்டு செய்து உழைத்ததால்தானே பிரிட்டிஷ் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது?

1918-ல் ஓட்டு கிடைத்தது முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு. அதற்கும் சொத்துத் தகுதி வேண்டும். ஷெல்லில் மருந்து அடைத்து உடம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்த இளம்பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். ஆண்களுக்குச் சமமான ஓட்டு 1928-ல்தான். நம்ம சென்னை மாகாணமோ 1921-லேயே, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு, ஒரு குண்டும் செய்யச் சொல்லாமல் ஓட்டுக் கொடுத்தது. ஓட்டு, உழைத்ததற்குக் கொடுக்கும் கூலி இல்லை. கூலி என்று ஒப்புக்கொண்டால் பாக்கி வைத்துவிடுவார்கள்.

பாடி வாசகி: போரில் பெண் என்றால் நர்ஸ்தானே?

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி, 1943-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் கேப்டன் ஆனார். அந்தப் படையில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கேப்டனின் பெயர் நமக்குத் தெரியும். பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

புழல் வாசகி: போர் முடிந்த பிறகு பெண்களுக்கு என்ன மிச்சம்?

உங்கள் ஊர் காவாங்கரை முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களைக் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2009 மே மாதம் துப்பாக்கி ஓய்ந்தது. கிளிநொச்சியில் தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமற்போன பிள்ளைகளின் படத்தோடு தெருவில் உட்கார்ந்தார்கள். காணாமற்போன கணவர் இறந்துவிட்டார் என்று சான்றிதழ் வாங்கினால், தேடுவதைக் கைவிட்டதாக ஆகிவிடும். வாங்காவிட்டால் நிலம், வங்கிக் கணக்கு எதுவும் நகராது. காணாமற்போனார் என்று சான்றிதழ் தர அங்கே சட்டம் வந்தது 2016-ல். அதுவரை ஒரு பெண் மனைவியா, கைம்பெண்ணா என்று சொல்ல அரசிடம் ஒரு காகிதம்கூட இல்லை. போரை அறிவித்தவர்கள் யாரும் இந்த வரிசையில் நிற்கவில்லை.

அம்பத்தூர் வாசகி: நைட் ஷிஃப்ட் கேட்டேன். "லேடீஸுக்குச் சட்டம் இல்லை" என்கிறார் சூப்பர்வைசர்.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பும் வண்டியும் ஏற்பாடு செய்யவேண்டியது கம்பெனி. இன்னொன்று: இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் காய்ச்ச எந்தச் சட்டமும் தடை போட்டதில்லை!

திருவேற்காடு வாசகி: "சீர் செஞ்சாச்சு, பங்கு கிடையாது" என்கிறார் அண்ணன்.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-ல், செங்கல்பட்டில். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. 1989-ல் வந்த அந்தச் சட்டம், அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ன் மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் பிடுங்கிவிட்டது. பூர்வீகச் சொத்து என்றால் உடனே வக்கீலைப் பாருங்கள். அண்ணனுக்குக் கட்டாயம் ராக்கி கட்டுங்கள், நோட்டீஸ் அனுப்பிய பிறகு.

ஆவடி வாசகி: மகள் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு (என்.டி.ஏ.) தேர்வு எழுத ஆசைப்படுகிறாள். மாமியார் கூடவே கூடாது என்கிறார்.

2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது. 2025 மே 30 அன்று கடக்வாஸ்லாவில் முதல் அணியாகப் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்தார்கள். விமானப்படை, கடற்படை என்றால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். இன்றே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் பாட்டியின் கையெழுத்துக்கு இடமே இல்லை.