கிரௌன்வீல் அண்ணன்

ஆயர் குரோவில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இவரைக் கண்டுபிடித்துவிடலாம். வேட்டி சட்டையில் ஒரு கறை இருக்காது. நகக்கண்ணில் மட்டும் கியர் ஆயில். பக்கத்து இலைக்காரர் சாம்பாரை ஊற்றிப் பிசைய ஆரம்பிக்கும் நேரம் பார்த்து, "உங்க சித்தப்பா ஒரு ஹெரால்டு கார் வெச்சிருந்தாரே, அது இப்ப எங்கப்பா?" என்பார். சித்தப்பா எங்கே என்று கேட்கமாட்டார். சித்தப்பாவின் சாவுக்கும் வந்திருந்தவர்தான். அன்றைக்குக் கேட்டதும் இதே கேள்விதான்.

அண்ணனிடம் இருப்பது டிரையம்ப் ஸ்பிட்பையர் மார்க் 3. 1967 முதல் 1970 வரை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையை மடக்கலாம், மழை வந்தால் மடக்காமலே நனையலாம். இவருடைய அப்பா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையின் காரைத் துடைத்தவர். மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் துரை வண்டி வாங்கியதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அண்ணிக்கு அப்படிப் படவில்லை.

வண்டி ஓடும். ஆனால் நாற்பது மைலைத் தாண்டினால் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பும். டிஃபரன்ஷியலில் கிரௌன்வீல், பினியன் என்ற ஜோடிப் பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று இவரிடம் கேட்டுவிடக் கூடாது. மாசி மகத்தன்று சன்னாசிமலைக்குப் போகிற கூட்டத்தில் யாரோ ஒரு தம்பி கேட்டுத் தொலைத்தான். "மாட்டுவண்டியில ரெண்டு சக்கரமும் தனித்தனியா உருளுது, வளைவுல பிரச்சினையே இல்ல. கார்ல ஒரே எஞ்சின் ரெண்டையும் தள்ளுது. திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போகணுமா, இல்லையா?" அந்தத் தம்பி அன்று சாமியைப் பார்த்தானா என்பது சந்தேகம்.

இங்கிலாந்துக்கு எழுதினால் பழுதுபார்த்த டிஃபரன்ஷியல் முழுசாகப் பெட்டியில் வந்து இறங்கும். அதைச் சொன்னால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். "காசு குடுத்து வாங்குறதுக்கு நான் எதுக்கு?" ஆகவே டுரியான் துங்கலிலிருந்து அலோர் காஜா வரை பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். ஹாஃப்கட் கடைத் தவுக்கே வாயில் சிகரெட்டோடு, ஜப்பான் வண்டிகளின் அறுத்த முன்பாதிகளைக் காட்டினார். அண்ணனுக்கு வேண்டியதோ பின்பாதி. இன்னொரு தவுக்கே கிரௌன்வீல் ஒன்றை மட்டும் தூக்கி வந்தார். அண்ணன் அதைத் தொடவே இல்லை. கிரௌன்வீலையும் பினியனையும் ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாகத்தான் செய்வார்கள்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய ஊளையே தாலாட்டாகிவிடும். இதை அவர் மலாயில் விளக்கி முடிப்பதற்குள் தவுக்கே கடையைச் சாத்திவிட்டார்.

கடைசியில் கை கொடுத்தது சென்னை. ஸ்பிட்பையரே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அதன்மேல் கட்டிய வண்டிதான். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற ஒரே இத்தாலியர். அந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்து விற்றது. இது தெரிந்த ராத்திரி அண்ணன் தூங்கவில்லை. சென்னையில் அண்ணியின் தம்பி இருக்கிறார். மச்சான் தினமும் புதுப்பேட்டைக்கு விரட்டப்பட்டார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தச் சந்துகளில் "ஹெரால்டா? எங்க தாத்தாவைத்தான் சார் கேக்கணும்" என்று சிரித்த கடைக்காரரே, தாத்தாவின் மூலையிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாராம்.

பெட்டி வந்தது. தேங்காய் உடைத்து மாட்டினார்கள். ஊளை நின்றது. அதை மாட்டிய பட்டறை போமன் மட்டும் பற்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். 948 சிசி ஹெரால்டின் விகிதம் 4.875, இவருடைய ஸ்பிட்பையருக்கு 4.11. சக்கரம் ஒரு சுற்று வர, முன்பு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுழன்ற தண்டு இனி ஐந்து சுற்றை நெருங்கவேண்டும். மேட்டில் வண்டி எகிறும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும். வேகமுள்ளுக்கான கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் அதுவும் பொய் சொல்லும்: நிஜத்தில் 59 மைல் போகும்போது 70 காட்டும். போமன் இவ்வளவையும் சொன்னார். அண்ணன் காதில் ஊளை நின்றது மட்டும்தான் விழுந்தது.

அன்று மாலையே அண்ணியை ஏற்றிக்கொண்டு ஆயர் குரோ டோலில் நுழைந்து வடக்கே விட்டார். எஞ்சின் அலறியது. முள் எழுபதைத் தொட்டது.

"பார்த்தியா, எழுபது மைல்! கிலோமீட்டர்ல நூத்திப் பன்னிரண்டு!"

வலப்பக்கம் செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஒன்று நிதானமாக இவர்களைத் தாண்டிப் போனது.

அண்ணி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "அப்ப அந்த லாரிக்காரன் எவ்வளவுல போறான்?" என்றார்.

"அவனுக்குச் சம்மன் வரும் பாரு" என்றார் அண்ணன்.