கும்பளங்கியில் வெள்ளி பூச விரும்புவோர் கவனத்திற்கு

பழைய காரை வீட்டு முற்றத்திலேயே புதுசாக்கிவிடலாம் என்ற எண்ணம் மனிதனுக்கு வருவது இயற்கை. வொர்க்‌ஷாப்பில் சொல்லும் தொகையைக் கேட்டதும் அது இன்னும் இயற்கையாகிவிடுகிறது. அந்த எண்ணத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் கொச்சிப் பக்கத்துக் கும்பளங்கியில் இருந்துகொண்டு, வாடகைக் கம்ப்ரசரோடு, மெட்டாலிக் சில்வர்தான் அடிப்பேன் என்று ஒருவர் கிளம்பினால் அவரைத் தடுக்க வேண்டியது அக்கம்பக்கத்தாரின் கடமை. இந்த ஊரில், சொந்தக் கையால், வீட்டில் அடிப்பதென்றால் சாதா வெள்ளைதான் என்பது என் கட்சி. நாட்டின் முதல் மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று பெயரெடுத்த ஊர் இது. சீன மீன்வலையைப் பார்க்க வருகிறவர்கள் வரிவரியாகத் திட்டுப் பிடித்த காரையும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

மெட்டாலிக்கை ஒரு நிறம் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. டப்பாவுக்குள் இருப்பது தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அலுமினியச் சீவல்கள். பூச்சு காய்ந்து சுருங்கும்போது இவை தட்டையாகப் படுத்தால் வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பி வண்டி மினுக்கும். ஆனால் இவை கல்யாண மண்டபத்தில் முந்தின ராத்திரி தங்குகிற உறவினர்களைப் போல: இடமும் அவகாசமும் கிடைத்தால் ஒழுங்காக நீட்டிப் படுப்பார்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்தும் சாய்ந்தும் தூண்மேல் தலைவைத்தும் கிடப்பார்கள். பெயிண்ட் ஈரமாக விழுந்தால் சீவல்கள் அடியில் இறங்கி நிறம் கறுக்கும். வறட்சியாக விழுந்தால் கண்டபடி நின்று நிறம் வெளுக்கும். ஆகவே ஸ்ப்ரே கன்னை உலோகத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே வேகத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூடும்படி, கதவிலிருந்து கதவுக்கு மணிக்கட்டு வளையாமல் போக வேண்டும். வாங்கியது ஒரு டப்பா நிறம். அடித்து முடித்தால் பானெட் ஒரு நிறம், கதவு ஒரு நிறம், டிக்கி ஒரு நிறம். இத்தனைக்கும் ஆர்.சி. புத்தகத்தில் நிறத்துக்கு இருப்பது ஒரே கட்டம்.

இதைவிடப் பெரிய கொடுமை, தவறைத் திருத்த வழியில்லாதது. சாதா வெள்ளையில் பெயிண்ட் வழிந்துவிட்டால், நன்றாகக் காய்ந்தபின் வாட்டர் பேப்பரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்கிவிடலாம். அடியிலும் அதே வெள்ளைதான். மெட்டாலிக்கின் நிறப்பூச்சான பேஸ் கோட்டைத் தேய்த்தால் படுத்திருந்த சீவல்கள் கலைந்து, அந்த இடம் தனி நிறமாகிவிடும். மேலே கிளியர் கோட் போட்டால் மறையும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கிளியர் கோட் என்பது கண்ணாடி மாதிரித் தெளிவானது என்பதற்காகத்தான் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது குறையை மறைப்பதில்லை, பத்திரப்படுத்துகிறது.

சரி, கை சுத்தமான ஆள் என்றே வைத்துக்கொள்வோம். காற்று சுத்தமாக இருக்க வேண்டுமே. கும்பளங்கிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் காயல். பெருமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கும். தின்னர் ஆவியாகும்போது உலோகப் பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் வந்து உட்காருகிறது. மலிவான லாக்கர் பெயிண்ட் பால் பூத்த மாதிரி வெளுத்துப்போகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்தால் இது குறையும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகக் காயும் பெயிண்டில் வேறொரு விருந்தாளி வந்து இறங்குவார். கொச்சிக் கொசுவுக்கு அறிமுகம் தேவையில்லை. வெள்ளைப் பூச்சில் விழுந்த கொசுவை மறுநாள் தேய்த்து எடுத்துவிடலாம். சில்வரில் விழுந்த கொசு கிளியர் கோட்டுக்கு அடியில் வண்டி உள்ளவரை இருக்கும். இந்தக் காற்றைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது என்பவர்கள் ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் தோபி கானாவில் விசாரிக்கலாம். அங்கே தலைமுறைகளாகத் துணி வெளுப்பவர்கள் தமிழர்கள்தான்; மழைக்காலத்தில் ஒரு வேட்டி காய என்ன பாடு என்று தமிழிலேயே சொல்வார்கள். வேட்டிக்கே அந்தக் கதி என்றால் பானெட்டைக் கேட்கவா வேண்டும்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்ந்துதானே கிடக்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அப்போது விடியற்காலையில் பனி, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று. நடுவில் கிடைப்பது சில மணி நேரம். மெட்டாலிக்குக்கோ பேஸ் கோட், ஆறவிடுதல், மறுபடி பேஸ் கோட், திட்டு நிரவ ஒரு தூறல் கோட், பிறகு கிளியர் என்று வரிசை நீளம். நீளமான வரிசையும் குறுகிய காலைப்பொழுதும் ஒத்துப்போவதில்லை. ஸ்ப்ரே கேன் இருக்கிறதே என்று இன்னொரு வாதம். ஹார்டனர் கலக்காத சாதாரண கேன் கிளியருக்குப் பெட்ரோலைக் கண்டால் ஆகாது. ஸ்கூட்டர் டேங்க்கில் அடித்துப் பாருங்கள். பங்கில் குழாயை எடுக்கும்போது சிந்துகிற நாலு சொட்டு தீர்ப்பு எழுதிவிடும். ஹார்டனர் கலந்த கிளியரோ உறுதியானது, ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். கோவிட் காலத்தில் வாங்கி மிச்சம் கிடக்கும் முகக்கவசம் அதற்கு முன் வெறும் அலங்காரம்.

வெள்ளி நிற வண்டியை வெள்ளையாக்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற வேண்டாமா என்று கேட்பவர்தான் என் கட்சியை உண்மையிலேயே அசைக்கிறார். ஏறத்தான் வேண்டும். ஆர்.சி.யில் உள்ளதும் ரோட்டில் ஓடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் மனுப்போட்டால் ஆர்.டி.ஓ. என்றைக்காவது இரங்குவார், அலுமினியச் சீவல் இரங்காது. தவிர, கேரள அரசே என் பக்கம். சுற்றுலா பஸ்களெல்லாம் வெள்ளையாகத்தான் ஓட வேண்டும் என்று 2022-இல் கறாராக நின்றது. (ராணுவப் பச்சை மட்டும் வேண்டாம், அது மத்திய மோட்டார் வாகன விதிப்படி ராணுவத்துக்கே உரியது.) சில்வரில் தூசி தெரியாது என்ற வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தூசி தெரியாதுதான். திட்டு தெரியும்.

கடைசியாக மிஞ்சுவது மினுமினுப்பு மோகம். ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தில் ஷம்மி கண்ணாடிமுன் நின்று மீசையைச் சீர்செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பளபளக்கும் பரப்பில் தன்னைப் பார்ப்பதில் ஆணுக்கு ஒரு சுகம். அதற்கு அலுமினியம் எதற்கு? 1920-களின் இறுதியில் கார் பூச்சுக்கு முத்துப் பளபளப்பு ஏற்ற அமெரிக்காவில் பயன்படுத்தியது மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளைத்தான். விலை கட்டுப்படியாகாமல் பின்னால் உலோகத்துக்குப் போனார்கள். கும்பளங்கிக்காரர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிற மினுமினுப்பின் மூதாதை, அவர் வீட்டுப் பின்கட்டில் கரிமீன் கழுவிய தண்ணீரோடு தினமும் தென்னைமரத்தடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே, சில்வர்தான் வேண்டுமென்றால் காசைப் பார்க்காமல் பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில்தான் அடிப்பேன் என்றால் ஜனவரிவரை பொறுங்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிக் காயவிட்டு, பனி விலகிய பிறகு, கிளியர் கோட் தேவைப்படாத சாதா வெள்ளை எனாமல் அடியுங்கள். கம்ப்ரசரை ஆன் செய்யும் முன் பக்கத்து வீட்டில் சொல்லி, கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.