காலி நாற்காலிகளின் அபிப்பிராயம்

மகாகனம் பொருந்திய கருத்துக் கேட்புக் கூட்டத் தலைவர் அவர்களின் திவ்விய சமூகத்திற்கு, பழவேற்காட்டு ஏரிக்கரைப் பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் செய்துகொள்ளும் விஞ்ஞாபனம்.

எங்கள் கரையில் வரவிருக்கும் துறைமுகத்தைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டு அனுக்கிரகிப்பதற்காக, கடற்காற்று மேனியில் படாத தூரத்தில், நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் தாங்கள் சென்ற வாரம் எழுந்தருளியிருந்தபோது, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைத் தங்கள் சிப்பந்தி ஒருவர் தோளைத் தொட்டு எழுப்பி, "பெரியவரே, இது ரிசர்வு, பின்னாடி போய் நில்லுங்க" என்று கை கழுவும் இடத்தருகே கொண்டுபோய் நிறுத்தினார். கூட்டம் முடியும் மட்டும் அந்த நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை என்பதை, வேறு வேலையின்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில், சத்தியமாகச் சொல்லக்கூடியவன் நான்.

அன்றிரவு கோபம் வந்தது மெய்யே. ஆயினும் 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை ஊர்ப் பிள்ளை ஒருவன் வாசித்துப் பொருள் சொன்னதும் மனம் சாந்தமடைந்தது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாதாம்! சட்டத்தின் பார்வையில் நாற்காலி போதும். அதன்மேல் மனிதன் உட்காருவது அநாவசிய ஆடம்பரம். யோசித்துப் பார்த்தால் நாற்காலியைவிட உத்தமமான பிரஜை எங்கே கிடைக்கும்? கால் நான்கு இருந்தும் மேடையை நோக்கி நடவாது. கை இரண்டு இருந்தும் மனு நீட்டாது. கூட்டம் முடிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிவிடலாம்.

நானோ, டோக்கன் வாங்கி, மைக் கைக்கு வந்த இரண்டு நிமிஷத்தில், மணலைப் பற்றிப் பேசத் துணிந்தேன். வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக மணலை நகர்த்திச் செல்லும் இந்தக் கடலின் குறுக்கே 1870களில் சென்னையில் துறைமுகச் சுவரை எழுப்பத் தொடங்கியதிலிருந்து, சுவருக்குத் தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றதையும், வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து அற்றுக் கரை கரைந்ததையும் சொல்லி, புதுச் சுவருக்கு வடக்கே இருக்கப் போகிற எங்கள் கதி என்னவென்று கேட்க வாயெடுத்தபோது, ராயபுரம் என்ற பெயரோடு மைக் அடங்கிவிட்டது. காலியாகக் கிடந்த முன்வரிசை நாற்காலிகள் ஆட்சேபம் ஏதும் தெரிவிக்கவில்லை. அவற்றின் பெருந்தன்மை அத்தகையது.

துறைமுகத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு அறிக்கை ஆங்கிலத்தில். எங்களுக்குக் கிடைத்தது தமிழில் ஒரு மெல்லிய சுருக்கம். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில் அளவெடுத்தால் போதும் என்ற வழக்கப்படி, தங்கள் நிபுணர்கள் சித்திரை வெயிலில் வந்து, வற்றிக் கிடந்த சேற்றைக் கண்டு, இங்கே குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை என்று எழுதிப் போயிருக்கிறார்கள். ஐயா, ஐப்பசி கார்த்திகையில் ஆற்றுநீர் வந்து முகத்துவாரம் விரிந்தால்தான் எங்கள் ஏரிக்கு உயிர். அப்போதுதான் இறால் குஞ்சு உள்ளே வரும். பாடு வைத்து முறை போட்டு, இன்றைக்கு இன்னார் வலை என்று தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுப் பிழைப்பது அதை நம்பித்தான். அந்த வாயில் மணல் அடைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு என்னத்தைப் போடுவது? இதைக் கேட்பதற்கு இரண்டு நிமிஷம் அதிகமா? கேட்க மனமில்லாதவர்களுக்குக் கூட்டம் எதற்கு, பந்தி எதற்கு?

க்ஷமிக்க வேண்டும். நின்றுகொண்டே எழுதுவதால் குரல் சற்று உயர்ந்துவிட்டது; நாற்காலி கொடுத்திருந்தால் தாழ்ந்தே இருந்திருக்கும்.

நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்ற விதியையும் தாங்கள் வழுவாது நிறைவேற்றினீர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசை நின்ற ஜனங்களின் இரைச்சலுக்கு நடுவே, "பொதுமக்கள் வேலைவாய்ப்புக் கோரினர்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது. மணல் என்ற சொல் விழவில்லை. ஒருவேளை அந்தக் காலி நாற்காலிகள்தாம் வேலை கேட்டனவோ என்னவோ. நாள் வாடகைக்கு உழைக்கும் ஜீவன்கள், நிரந்தர உத்தியோகத்தில் ஆசை இருப்பது இயல்பே.

அடியேன் வேண்டுவது அற்பம். என் பேச்சில் மைக் உள்ளவரை கேட்டதையாவது குறிப்பில் சேர்த்து, அதன் நகலை எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அளவெடுப்பவர்களை மறுபடியும் ஐப்பசி பிறந்தபின் அனுப்பிவைக்க வேண்டும். படகு எங்களுடையது, டீசலும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்; அவர்கள் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு, விடியுமுன் ஐந்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்துவிட்டால் போதும்.