பரோலோ மாமா

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் நெருங்கினால் மட்டக்களப்புக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். கனடாக்காரர் வெயிலைத் திட்டுவார். லண்டன்காரர் காணி விலை விசாரிப்பார். புளியந்தீவுக்கு வருகிற சுவிஸ் மாமா மட்டும் ஒரு போத்தலைப் பற்றிப் பேசுவார். அவருக்கு இங்கே பெயர் போடவில்லை. போட்டால் ஒருவர் கோபிப்பார், போடாவிட்டால் ஊரில் நாலைந்து பேர் "என்னையா எழுதின?" என்று கேட்டு வருவார்கள். வரட்டும். எல்லாரையும் கூட்டிக் குழைத்ததுதான் இந்த ஆள்.

அவரை அடையாளம் காண்பது லேசு. பயணப்பெட்டி திறந்ததும் சொக்லேட், சென்ட், பிள்ளைகளின் சட்டை எல்லாம் கட்டிலில் வந்து விழும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று மட்டும் இரண்டு கையாலும் தூக்கி எடுக்கப்படும். அதற்குள்தான் பரோலோ, இத்தாலியச் சிவப்பு வைன்.

"ஒருத்தரும் ஆட்டப்படாது. பயணக் களைப்பு அதுக்கு. ரெண்டு கிழமையாவது படுக்கோணும்."

மாமாவும் அதே விமானத்தில்தான் வந்தவர். அவருக்குக் களைப்பு இல்லை.

வீட்டில் ஒரேயொரு அறைக்குத்தான் ஏசி. எண்பதைத் தாண்டிய தாயார் கீழ் விறாந்தையில் காற்றாடிக்குக் கீழே விசிறிமட்டையும் கையுமாகக் கிடக்க, மேலே போத்தல்கள் குளிரில் படுத்திருக்கும். படுக்க வைப்பதற்குக் காரணம் உண்டு: தக்கை வைனில் நனைந்தபடி இருக்க வேண்டும், காய்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே விட்டுவிடும். வெப்பம் 12 முதல் 14 பாகைக்குள் நிற்க வேண்டும். ஏசியோ 16க்குக் கீழே இறங்காது. அந்த இரண்டு பாகை இடைவெளிக்காக மாமா படுகிற விசாரத்தில் பாதியைத் தாயாருக்காகப் பட்டிருந்தால் விறாந்தைக்கும் ஒரு ஏசி வந்திருக்கும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று ஐரோப்பாவில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பின்னேரம் மூன்று மணிக்குப் புளியந்தீவில் அறை வெப்பநிலை 31 பாகை. "அது அவங்கட அறை மனே, நம்மட அறையில்ல" என்று மாமா திருத்துவார்.

இந்த அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளை வெறும் பந்தாக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். எண்பதுகளின் கடைசியில் போனவர். சூரிச்சில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. நல்ல பரோலோ பழசாகப் பழசாக அடியில் மண்டி இறங்கும்; அதனால் காசுக்கார மேசைகளில் கடைசி ஒரு விரற்கடை வைனைக் குடிக்காமல் விட்டு எழும்புவார்கள். அந்த ஒரு விரற்கடைதான் மாமாவின் பள்ளிக்கூடம். எந்த மேசையில் என்ன ஆண்டு, எது புளித்தது, எது மணத்தது என்று கழுவுதொட்டிப் பக்கத்தில் நின்றே படித்தார். பிறகு சமையலுக்கு ஏறினார், பிறகு மேசைக்கு வந்தார். விலை கொடுத்துக் குடித்தவர்களில் பலருக்கு அவ்வளவு தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, பாடத்துக்கு வருவோம். பாடம் மாடி விறாந்தையில், வாவிப் பக்கம் காற்று எழும்பிய பிறகு நடக்கும். மாணவர்கள் சாராயமும் சோடாவும் பைட்டுமாக வந்து உட்கார்ந்த உறவுக்காரர்.

வட இத்தாலியில் பியமொந்தே என்ற மாகாணம். அங்கே ஆல்பா நகரத்தைச் சுற்றிய குன்றுகளில் நெபியோலோ என்ற திராட்சை. பனிமூட்டம் இறங்குகிற ஒக்டோபரில், மற்றவற்றுக்கெல்லாம் பிந்திப் பழுக்கும். அந்தத் திராட்சை ஒன்றிலிருந்தே செய்வது பரோலோ. சட்டப்படி 38 மாதம் வைத்திருந்த பிறகுதான் வெளியே விடலாம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். 'ரிசெர்வா' என்று போட வேண்டுமானால் 62 மாதம். வாங்கினவன் அதற்கு மேலும் பத்து, இருபது வருடம் வைப்பான்.

"அவ்வளவு காலம் என்னத்துக்கு?" என்று யாராவது கேட்க வேண்டும், அதற்காகவே மாமா அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். துவர்ப்புத்தான் காரணம். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின். இளம் பரோலோ வாயை இறுக்கிப் பிடிக்கும். காலம் போகப் போக டானின் ஒன்றோடொன்று கூடி மண்டியாக இறங்கும். சிவப்பு செங்கல் நிறமாகும். ரோசாப்பூவும் தாரும் சேர்ந்த மணம் எழும்பும். தார் என்றதும் ரோட்டு வேலை செய்கிற மச்சான் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

"அப்ப நம்மட சாராயம் மட்டும் என்ன? அதுவும் மரத்திலதானே ஊறுது?"

மச்சான் சொன்னது சரி. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர வைக்கிற பீப்பாய்களுக்குப் பேர்போனது சாவண்டலை மரம். ஆங்கிலேயர் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்தார்கள். கிழக்கு மாகாணத்துக்கு இவ்வளவு பெருமை இருந்தும் மாமா அதைக் காதில் போடமாட்டார். சாராயம் போத்தலுக்குள் போனால் அதற்குப் பிறகு வளராது, வைன் போத்தலுக்குள்ளும் வளரும் என்பார். அதுவும் சரி. இரண்டு பேரும் சரியாகப் பேசினால் சண்டை முடியாது.

பீப்பாய்ச் சண்டை இத்தாலியிலேயே பெரிது. லா மொர்ராவில் எலியோ அல்தாரே என்ற இளைஞர், அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்துப் போட்டுவிட்டு பிரெஞ்சுக்காரரின் சின்ன ஓக் பீப்பாய்க்கு மாறினார். அப்பா சொத்தில் இருந்து பிள்ளையை நீக்கிவிட்டார். இது நடந்தது 1983இல். அந்த ஆண்டைச் சொன்னால் நமக்கு நினைவு வேறு பக்கம் ஓடும். மாமாவுக்கு இரண்டு பக்கமும் ஓடும். எதிர்க்கட்சியில் பர்தோலோ மஸ்கரெல்லோ என்ற முதியவர், சின்னப் பீப்பாயும் வேண்டாம் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று போத்தல் லேபிளிலேயே எழுதி விற்றார். மாமா இந்தக் கதைகளைச் சொல்லும்போது கோயில் வண்ணக்கர் தெரிவு கேட்கிற அக்கறையோடு எல்லாரும் கேட்பார்கள். காணிச் சண்டையும் தேர்தலும் எந்தப் பாஷையில் சொன்னாலும் நமக்கு விளங்கும்.

ஆனால் போத்தல் திறபடாது. அதுதான் இந்த ஆளின் முக்கிய இலட்சணம். 2010ஆம் ஆண்டுப் பரோலோ, மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று, 2014இல் கொண்டு வந்து வைத்தார். மகளின் சாமத்தியச் சடங்குக்குத் திறக்கவில்லை, "இன்னும் பிஞ்சு." மகளின் கலியாணத்துக்கும் திறக்கவில்லை, "மாப்பிள்ளை ஆக்களுக்கு விளங்காது." 2022இல் கரண்ட் மணிக்கணக்காக நின்ற மாதங்களில் சூரிச்சில் இருந்து ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் அழைப்பு. ஊரில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. மாமா கேட்ட முதல் கேள்வி: "மேல அறை எத்தன பாகை?" தம்பியார் பாவம், போத்தல்களை ஈரச்சாக்கில் சுற்றித் தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் யாரோ எடுத்து பிரிட்ஜ் கதவில், சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில், நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். இது மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. வாசிக்கிறவர்கள் சொல்லிவிட வேண்டாம்.

போத்தல் திறபட்டது வரலாற்றால். ஒரு பின்னேரம் மாமா சங்ககாலத்துக்குப் போய்விட்டார். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முதலே இத்தாலி வைன் குடிச்ச ஆக்கள் மனே நாம!" இதில் அவர் புளுகவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் வைன் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்கே கிடைத்த ஓடுகளில் இத்தாலியின் கம்பானியாப் பகுதிச் சாடிகளும் இருக்கின்றன. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை, யவனர் கொண்டு வந்த தேறலைப் பருகி மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார்.

ஏ.எல். படிக்கிற மருமகள் கைத்தொலைபேசியில் இருந்து தலை எடுக்காமல் கேட்டாள்: "அப்ப அந்த ராசா திறந்து குடிச்சிரிக்காரு என்ன மாமா?"

அன்றைக்கே தக்கை உருவப்பட்டது. பாதியில் முறிந்து மற்றப் பாதி உள்ளே விழுந்தது. ஊற்றினால் நிறம் வெளிறியிருந்தது. நெபியோலோவுக்கு இயல்பே அதுதான், ஆனால் சபைக்கு அது தெரியாதே. "சுங்கத்தில தண்ணி கலந்திரிக்காங்க" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். ஒருவர் பொரித்த இறாலைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்துத் தகரத்தை நக்கினதுபோல முகத்தைச் சுளித்தார். கடலுணவோடு துவர்ப்பு வைன் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும். மிளகாய் அதை இன்னும் மோசமாக்கும். தாயாருக்கு ஒரு மிடறு போனது. வெற்றிலை வாய். கொஞ்ச நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார்.

"ஊறல் பாக்குத் துவர்ப்புக்கா. நல்லாத்தான் இரிந்திரிக்கும். மறுகா ஆரோ அவிச்சுப் போட்டாங்க."

அவ்வளவுதான். சூட்டில் வெந்த வைனுக்கு ஜாம் காய்ச்சின மணம் வந்துவிடும். பூவும் தாரும் ஒன்றும் மிஞ்சாது. தாயார் ஒரு மிடறில் கண்டுபிடித்ததை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பையைச் சுழற்றினார், மணந்தார், மறுபடி சுழற்றினார். "இப்ப அது மூடிக் கிடக்கு. இன்னும் ஏழெட்டு வருஷம் பொறுக்கோணும்." நடு வயதில் வைன் வாயை மூடிக்கொள்கிற காலம் ஒன்று உண்டுதான். ஆனால் அது பியமொந்தேயின் குளிர்ந்த நிலவறையில். வாவிக்கரை மாடியில் அல்ல.

ஆகவே மாமா வைத்துவிட்டுப் போன போத்தலுக்குக் காவல் இருக்கிற தம்பிமாருக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. நத்தாருக்கென்று வைக்காதீர்கள், யாருடைய கலியாணத்துக்கும் வைக்காதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுத்து, மண்டி கலங்காமல் ஊற்றி, உறைப்புக் குறைத்த மாட்டிறைச்சிக் கறியோடு இந்தக் கிழமையே குடித்து முடியுங்கள். இறாலை அடுத்த நாளைக்கு வையுங்கள். அம்மாவுக்கு முதல் மிடறு. மாமா கேட்டால், பூனை தட்டிவிட்டது என்று சொல்லுங்கள்.