ஜீபீஎஸ் சம்மாட்டியார்

மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ளம் வைத்திருப்பவர்களிடம் கையடக்க ஜீபீஎஸ் இருப்பது புதினமில்லை. வலை விட்ட இடம், மீன் படுகிற பார், 1974இலும் 1976இலும் இந்தியாவுடன் ஒப்பந்தம் எழுதிக் கடலில் கீறிய எல்லைக் கோடு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. கரைக்கு வந்ததும் மற்றவர்கள் அதை நிறுத்திப் பையில் சுற்றி வைப்பார்கள். கரையோர ஊருக்கு ஒருவராவது இருப்பார், அதை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் பூட்டிக்கொண்டு தெல்லிப்பழைச் சந்தைக்குப் போகிறவர். எங்கள் ஊரில் அவர், வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் சம்மாட்டியார்.

சந்தைக்கு வழி தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார். ஆனால் எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டால், "இருபது நொட்ஸிலை வந்தனான்" என்பார். மணிக்கு 37 கிலோமீற்றர் என்று கணக்குப் பார்ப்பது கேட்டவரின் பாடு.

அந்தக் கருவிக்கு மின்சாரம் கொடுத்த கதையை ஆரம்பித்தாரென்றால் மீன் நாறிவிடும். சீற்றுக்குக் கீழே இருப்பது 12 வோல்ற் பற்றரி. எஞ்சின் ஓடினால் 14க்கும் ஏறும். கருவி கேட்பதோ இரண்டு சின்னப் பற்றரியின் 3 வோல்ற், யூஎஸ்பி வழியாகக் கொடுத்தால் 5. நடுவில் வோல்ற்றைக் குறைக்கிற பெட்டி, அதற்கு முன்னால் ஒரு பியூஸ். "ஹெட்லைற் வயரிலை மட்டும் கை வைச்சிடாதை தம்பி. பழைய சைக்கிளுகளிலை அது றேஸ் பண்ணப் பண்ண ஏறி இறங்கும். திறப்புப் போட்டால் உயிர் வாற வயராப் பாத்து எடு." கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் மீன் வாங்க வந்தவர்.

கருவி குடிப்பது சொற்ப மின்சாரம்தான். ஆனாலும் எஞ்சின் ஓடாமல் அதைப் போட விடமாட்டார், பற்றரி இறங்கிவிடுமாம். தேத்தண்ணிக் கடை வாசலில் சைக்கிள் இரைந்துகொண்டு நின்றால், உள்ளே சம்மாட்டியார் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வராத சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள் அந்தத் தலைமுறை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் அவர்களே. சில்லுச் சுற்றாமல் வருகிற மின்சாரத்தில் அவருக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை.

"போனிலையே மேப் கிடக்கெல்லே, சம்மாட்டியார்?" என்றான் ஒரு பெடியன்.

"போன் ஆற்றையோ கோபுரத்தோடை கதைக்குது. இது நேரா மேலை சற்றலைற்றோடை கதைக்குது."

"இது கதைக்கிறேல்லை. கேக்கிறது மட்டும்தான்."

"அப்ப இன்னும் நல்லம். கேக்கிறதோடை நிப்பாட்டிற ஆள் இந்த ஊரிலை வேறை ஆர் இருக்கினம்?"

1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்த சனம், 2017 ஜூலையில் இராணுவம் துறைமுகப் பக்கத்தை விடுவித்த பிறகுதான் ஊருக்குள் கால் வைத்தது. வீடுமில்லை, வேலியுமில்லை. கிணற்றைப் பார்த்து வளவைக் கண்டுபிடித்தவர்கள் பலர். சம்மாட்டியார் கிணற்றடியில் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பழைய வேலிக் கதியால் நின்ற இடத்தை ஜீபீஎஸ்ஸில் குறித்தார். பக்கத்து வளவுக்காரரும் சம்மாட்டிதான். அவரும் தன் சைக்கிளில் வந்து, தன் ஜீபீஎஸ்ஸில் குறித்தார். இரண்டு புள்ளிகளும் ஒத்துப்போகவில்லை.

20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வருகிற சைகை, வெட்டவெளியிலும் மூன்று, நான்கு மீற்றர் முன்பின்னாகச் சொல்லும். கடலில் அது ஒரு பொருட்டில்லை. யாழ்ப்பாணத்து வேலியிலோ மூன்று அங்குலமே மூன்று தலைமுறை வழக்குக்குப் போதும். இருவரும் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை ஏசித் தீர்த்தார்கள். நல்லகாலம், இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவில்லை. அதனால்தான் இன்றைக்கும் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள்.