புல்லட் சீட்டுறையின் மூலபாடம்: ஓர் ஆய்வு

பழைய புல்லட் வாங்குகிறவர் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். டாங்கின் தங்கக் கோடு கையால் இழுத்ததா, ஸ்டிக்கரா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். கடைசியில் "எல்லாம் ஒரிஜினல் சார்" என்ற விற்பனையாளரின் சத்தியத்தை நம்பி ஏறி உட்காருவார். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் ஒரிஜினல் அல்ல. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வந்தபோது போர்த்தியிருந்த உறை வெயிலுக்கும் மழைக்கும் பூனை நகத்துக்கும் என்றோ இரையாகிவிட்டது. இப்போது இருப்பது படிக்குப் படியெடுத்த படி. இதைப் புல்லட் அன்பர்கள் கண்டுகொள்ளவில்லை. சுவடியியல் அறிஞர்களோ புல்லட் பக்கமே வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இவ்வாய்வு.

சென்னையில் புல்லட் உருவாகத் தொடங்கியது 1955இல். அதற்கு முன் அது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. ஆய்வாளர் நிற்க வேண்டிய ஆண்டு அதுவன்று, 1851. அந்த ஆண்டில்தான் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ரெட்டிச்சில் தையல் ஊசித் தொழிலைத் தொடங்கினார். ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து 1901இல் மோட்டார் சைக்கிள், 1932இல் புல்லட் என்ற பெயர் என்று அந்தத் தொழில் வளர்ந்தது. வண்டிக்கு அரை நூற்றாண்டு முன்பே ஊசி வந்துவிட்டது என்பதால், சீட் தைப்பதற்காகவே வண்டி பிறந்தது என்று வாதிட இடமுண்டு. ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடும் முறைக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் மறைந்ததும் அதே 1851இல்தான். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

லாக்மன் முறையின் சாரம் எளிது. ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. எங்கள் தெருவில் ஒரு புல்லட்டும் அடுத்த தெருவில் ஒரு புல்லட்டும் உள்ளன. இரண்டிலும் சீட்டின் பின்பக்க இடது மூலையில் வெள்ளைப் பைப்பிங் ஒரே மாதிரி கோணி, ஒரே இடத்தில் ஒட்டுப்போட்டு முடிகிறது. உரிமையாளர்களுக்குள் ஏதோ பழைய கொடுக்கல் வாங்கல் தகராறு. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் உட்காரும் உறைகளோ உடன்பிறப்புகள். ஒரே கை, ஒரே மிஷின், ஒரே சோம்பல்.

இனி ஏடு சிதையும் வழிகள். ரெக்சின் என்ற பெயரில் முதலில் இங்கிலாந்தில் விற்றது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி. அது வெடிபஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். பீரங்கியைச் சின்னமாகக் கொண்ட கம்பெனியின் வண்டிக்குப் பொருத்தமான வேதியியல்தான். இப்போது கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது துணிமேல் பிவிசி. அதை வளைந்து கொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பசை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியதும் அது அப்பளம்போல் ஆகி, தையல் வரிசையில் விரிசல் விடுகிறது. ஊசி போட்ட ஓட்டைகள் ஏற்கெனவே வரிசைகட்டி நிற்பதால் கிழிசலுக்கு வழி தேட வேண்டியதில்லை. இவை இயற்கைக் காரணங்கள். ஆனால் என் கணிப்பில் இவற்றைவிடக் கொடியது மனித விரல். சிறு ஓட்டை ஒன்று இருந்தால் போதும். டீக்கடை வாசலில் வண்டிமேல் சாய்ந்து யாருக்காகவோ காத்திருக்கும் ஒருவர் அதில் சுண்டுவிரலை விட்டு ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுப்பார். உருண்டையாக உருட்டுவார். கீழே போடுவார். அடுத்ததைக் கிள்ளுவார். தான் செய்வது அவருக்கே தெரியாது.

படியெடுக்கும் முறையைக் குஷன் கடையில் உட்கார்ந்து கவனித்தேன். சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டதும் தெரிவது இரும்பு பேஸ். அதன் ஓரத்துப் பல்லில் உறையைக் குத்தி, பல்லை மடக்கியிருப்பார்கள். பல்லை நிமிர்த்தும்போது ஒன்றிரண்டு ஒடியும். உறையை உரித்தால் உள்ளே இன்னோர் உறை, அதற்குள் மற்றொன்று. பழையதைப் பிரிக்கப் பொறுமையில்லாத எவரோ மேலேயே போர்த்தியிருக்கிறார். "அண்ணே, அடியில இருக்கிறதப் பாத்து வெட்டுங்களேன், அதுதானே பழசு" என்றேன். "அது தொட்டா உதிருது சார், இதுலயே அளவெடுத்துக்கலாம்" என்று மேலாடையின் தையலைப் பிளேடால் பிரித்து, துண்டுகளைப் புது ரெக்சின்மேல் விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுவிட்டார்.

பாடபேதம் பிறக்கும் கணம் இதுவே. பழைய உறை ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கி நீண்டிருக்கும். அதை அப்படியே பார்த்து வெட்டினால் புதியது பிறக்கும்போதே தொளதொளக்கும். விவரம் தெரிந்தவர் கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டுவார். தெரியாதவர் தொளதொளப்பை மறைக்க ஸ்பாஞ்ச்மேல் இன்னொரு ஷீட்டை ஒட்டுவார். நம் மரபில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். இரண்டு தலைமுறை இடைச்செருகலுக்குப் பின் வண்டியின் கம்பீரமான முதுகு கல்யாண மண்டபச் சோபாவாகிவிடும். கால் தரைக்கு எட்டாமல் சிக்னலில் விரல்நுனியில் நிற்கும் உரிமையாளர்கள் இதற்குச் சான்று.

இவ்விடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பெங்கல் உதவிக்கு வருகிறார். இரண்டு பாடங்கள் முரண்பட்டால் எளிதானதை விடக் கடினமானதே மூலத்துக்கு நெருக்கம் என்பது அவர் விதி. விவிலியப் படிகளுக்காகச் சொன்னார். சீட்டுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடினமான சீட்டே பழைய சீட்டு. முதுகுவலி உள்ள ஆய்வாளர்கள் இவ்விதியை ஏற்பதில்லை. அவர்கள் கருத்தைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை.

உறையை மாட்டுவது தனிக் கலை. தைத்ததை அரைமணி நேரம் வெயிலில் போட்டால் இளகிக் கொடுக்கும். சென்னையில் சித்திரை மாதம் கால்மணி போதும். முதலில் மூக்கு, அடுத்து வால், பிறகு இடமும் வலமும் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நடுத்தையல் கோணிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் இடையே பாலிதீன் தாள் ஒன்று அவசியம். "எதுக்கு சார், வாட்டர்ப்ரூஃப் ரெக்சின்தான்" என்பார்கள். ரெக்சின் வாட்டர்ப்ரூஃப்தான், ஓட்டைகள் அல்லவே. தாள் இல்லாத சீட் மழையைக் குடித்துவிட்டு, மறுநாள் வெயிலில் மேலே காய்ந்த முகம் காட்டி, வெளுத்த பேண்ட் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறவர் உட்காரும்வரை காத்திருக்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதன் முழுப்பொருளை உணர விரும்புவோர் தாளைத் தவிர்க்கலாம்.

எஞ்சியிருப்பது ஏட்டின் முடிவுக் குறிப்பு. சுவடியின் கடைசியில் யார் எழுதியது, எந்த நாளில் முடித்தது என்று இருக்கும். சீட்டில் அந்த இடம் வால்பகுதி. கம்பெனிப் பெயர் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது கடைக்காரர்களின் ஒருமித்த முடிவு. பெயர் வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமென்றால் எந்த எழுத்தில், வெள்ளையா தங்க நிறமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, குஷன் கடைக்காரர் டப்பாவைக் கிளறிக்கொண்டே கேட்டார்:

"பின்னாடி பேர் ஒட்டித் தரட்டுமா சார்? என்ஃபீல்டு தீந்துபோச்சு. யமஹா இருக்கு."